குணம் அண்ணை தேடிய விமர்சகன்

“இவன் மட்டும் என்ர கையிலை ஆப்பிடட்டும்” என்றார் குணம் அண்ணை.

அந்தக் கையில்தான் நான் அப்போது தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. ஒரு சனிக்கிழமை பின்னேரம். வாசலில் கழற்றி விட்ட சப்பாத்துகளிலிருந்து பனி உருகி, அழுக்குத் தண்ணீர் பாய் வரைக்கும் வந்திருந்தது. குணம் அண்ணை சோபாவின் நுனியில் இருந்து, தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தை உரத்து வாசித்தார்.

“‘கதாநாயகனின் தாய் மூன்று தடவை மயங்கி விழுகிறார். நான்காவது தடவை நான் விழுந்தேன்.’ கேட்டியே அன்ரன்? இவனுக்குத் தாய் இல்லையோ?”

என் கணவர் அன்ரன் தொலைக்காட்சியை உற்றுப் பார்த்தார். அது அணைந்து கிடந்தது.

“இருப்பா அண்ணை. எல்லாருக்கும் இருப்பாதானே.”

“இதையும் கேள். ‘இடைவேளையில் விற்ற றோல்ஸில் இறைச்சி இருந்த அளவுக்குத்தான் படத்தில் கதையும் இருந்தது.’” பத்திரிகையைத் தாழ்த்தினார். “படத்தைச் சொல்லட்டும், அது இந்தியாவிலை எடுத்தது. றோல்ஸ் என்ர மனிசி விடிய எழும்பிச் செய்தது.”

சீனி காணுமா என்று கேட்டேன்.

அந்த விமர்சனத்தை எழுதியவள் நான்.

டோர்வல் விமான நிலையத்தில் நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டிய கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் வாசித்த ஒருவர், ‘அம்மா, ஆம்லெட்டை விட்டுவிட்டுச் சினிமாவுக்கு வாருங்கள்’ என்று கடிதம் போட்டிருக்கிறார். வந்துவிட்டேன் ஐயா. ஆனால் ஆம்லெட் மணமும் கூடவே வரும். அந்தக் காலத்தில் நான் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் அது என் கையோடு வந்தது.

பெட்டி வராத ஞாயிறு

குணம் அண்ணை கிழமை நாட்களில் ஒரு கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்றியல் தமிழருக்குப் படம் காட்டுகிறவர். அவரும் அன்ரனும் நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே நிலவறையில், ஒரே போர்வையின் இரண்டு தலைப்புகளில் படுத்தவர்கள். எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனும் அவர்தான். ஆகவே அவரைப் பகைப்பது என்பது எங்கள் வீட்டில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டிய விஷயம்.

படம் காட்ட அவர் வாடகைக்கு எடுத்தது நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பழைய தியேட்டர். புதுப்படம் போடாத தியேட்டர் அது. உலகத்தின் எந்த மூலையிலோ எப்போதோ எடுத்த படங்களைத் தேடிப் பிடித்து, அவற்றைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஞாயிறு காலையில் அவர்களுக்கு ஆட்கள் வருவதில்லை. அந்த இடைவெளியில் குணம் அண்ணை நுழைந்துவிட்டார்.

பதினொன்றரைக்குப் படம். பத்து மணிக்குத் தமிழ்ப் பூசை. முதல் மாதம் சுவாமியார் பிரசங்கத்தை நீட்டினார். ஆட்கள் நற்கருணை வாங்கிய கையோடு மேற்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டாவது மாதம் சுவாமியார் பிரசங்கத்தைச் சுருக்கினார். மூன்றாவது மாதம் அவரும் வந்தார்.

படச்சுருள்கள் ரொறன்ரோவிலிருந்து தகரப் பெட்டிகளில் பஸ்ஸில் வரும். இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, ஒரு ஞாயிறு பெட்டி வரவில்லை. குணம் அண்ணை வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். கார் இல்லாதவர்களை ஏற்றி இறக்க அன்ரன் போய்விட்டார். நான் அவர் திரும்பி வரும்வரை முன்மண்டபத்தில் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

டிக்கெட் விற்கிற ஜினெட் என்னைப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். தலைமயிருக்குக் கத்தரிக்காய் நிறம் பூசியிருப்பார். தியேட்டர்க்காரர்கள் வரப்போகிற படமொன்றைச் சரிபார்க்க உள்ளே ஓடவிட்டிருந்தார்கள். ஜினெட் கதவைத் திறந்து, உள்ளே போய் இரு என்று கையால் காட்டினார். சூட்டுக்காகத்தான் போனேன். கலைத்தாகம் என்று யாராவது பின்னாளில் எழுதினால் நம்ப வேண்டாம்.

ஒரு பொத்தானுக்காக அழுதது

கறுப்பு வெள்ளைப் படம். எந்த நாட்டுப் பாஷை என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு கிழவனின் கோட்டில் ஒரு பொத்தான் விழுந்துவிடுகிறது. அடுத்த நாள் அவனுக்கு ஒரு செத்தவீடு இருக்கிறது. அதே மாதிரிப் பொத்தான் தேடி ஊர் முழுக்க நடக்கிறான். அவ்வளவுதான். ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை. ஒருவரும் மழையில் ஆடவில்லை.

அன்ரன் வந்து கூப்பிட்டபோது நான் மூக்கைச் சீறிக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா, ஆருக்கு என்ன?”

“பொத்தான் கிடைக்கேல்லை.”

அவர் என் கோட்டைக் குனிந்து பார்த்தார். எல்லாப் பொத்தானும் இருந்தன.

அதற்கு முதல் கிழமைதான் குணம் அண்ணையின் படத்தில் ஒரு தாய், ஒரு தங்கை, ஒரு நாய் எல்லாரும் செத்தார்கள். நான் கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்தேன். இங்கே ஒரு பொத்தானுக்கு ஏன் அழுதேன்? பஸ்ஸில், வேலையில், பூசையில் இதையே யோசித்தேன். பூசையில் யோசித்ததற்கு மட்டும் வெட்கப்பட்டேன்.

பிறகு செவ்வாய்க்கிழமைகளில் போகத் தொடங்கினேன். விடிய நாலு மணி வேலை மத்தியானம் முடியும். டோர்வலில் இருந்து பஸ், பிறகு மெட்ரோ. இருட்டில் கால்வாசிப் படம் நித்திரையில் போகும். மீதியில் பைத்தியமானேன்.

செவ்வாய் மத்தியானம் வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு கிழடுகள். ஒருவர் திரைக்குப் பதில் சொல்லுவார். இன்னொருவர் தோடம்பழம் உரிப்பார். படம் முடிந்ததும் முன்மண்டபத்தில் நின்று அதைப் பற்றிப் பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள். எனக்கு மூன்றில் ஒரு சொல் விளங்கும். மிச்சத்தை நானே நிரப்பிக்கொள்வேன். பின்னர் என் பிரெஞ்சு தேறியபோதுதான் தெரிந்தது, நான் நிரப்பியவை அவர்கள் சொன்னவற்றைவிட நன்றாக இருந்தன.

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். படம் பிடிக்கவில்லை என்று சொல்வது குற்றமில்லை. ஏன் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

ஏழாம் பக்கம்

அந்த நாட்களில் எங்கள் பத்திரிகையில் சினிமா விமர்சனம் என்றால், இந்தியச் சஞ்சிகைகளிலிருந்து வெட்டி ஒட்டுவதுதான். சில படங்களுக்கு அவை திரைக்கு வர முதலே விமர்சனம் வந்துவிடும். ஒருமுறை பத்திரிகை ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள்.

“மாஸ்டர், நீங்கள் போன கிழமை புகழ்ந்த படம் ஓடவே இல்லை. பெட்டி வரேல்லை.”

“பிள்ளை, அப்ப நீங்களே எழுதித் தாங்கோவன். ஏழாம் பக்கத்திலை அரைவாசி உங்களுக்கு.”

விமானச் சாப்பாட்டுத் தட்டுகளின் பட்டியல் அச்சடித்த தாளின் பின்புறத்தில், வேலையிடத்து இடைவேளையில் எழுதினேன். குணம் அண்ணையை நினைத்துப் பெயரை மறைத்தேன். ‘நாலாம் வரிசை’ என்று போட்டேன். மாஸ்டருக்கும் அன்ரனுக்கும் மட்டும் தெரியும். தாளை மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது அன்ரன்தான். கள்ளக்கடத்தல் செய்கிறவர் மாதிரிப் போவார்.

யார் இந்த நாலாம் வரிசை என்று ஊர் துப்புத் துலக்கியது. பல்கலைக்கழகத்தில் இடைநடுவில் விட்டவர் என்றார்கள். கலியாணம் கட்டாத ஒரு குடிகாரர் என்றார்கள். நகரின் வடக்கே மொன்றியல்-நோரில் இருந்த ஒரு மனிசன், அது தான்தான் என்று இரண்டு பிறந்தநாள் விழாக்களில் ஒப்புக்கொண்டே விட்டார். பெண் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ‘என்ன கூர்மை, என்ன நக்கல்’ என்று பாராட்டி வந்த கடிதங்கள் எல்லாம் ‘அன்புள்ள ஐயா’ என்றே தொடங்கின.

ஆறேழு விமர்சனத்துக்குப் பிறகு ஞாயிறு கூட்டம் மெலிந்தது. அதை நான் கவனிக்கத்தான் செய்தேன். வாசலில் நிற்கும் குணம் அண்ணையின் ‘வாங்கோ, வாங்கோ’ நீண்டுகொண்டு போனது. ஆட்கள் குறையக் குறைய ஒவ்வொருவருக்கும் கூடுதலாக ஒரு ‘வாங்கோ’ கிடைத்தது.

எனக்கு நானே மறுப்பு

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். குணம் அண்ணை தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னார்.

“அன்ரன், நீ கோயில் மலருக்குக் கட்டுரை எழுதினனி. இவனுக்கு ஒரு மறுப்பு எழுது. உன்ர பேரிலையே வரட்டும். படம் எவ்வளவு திறமெண்டு எழுது.”

கோயில் மலரில் வந்த கட்டுரையையும் நான்தான் எழுதினேன். அன்ரன் என்னைப் பார்த்தார். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

குணம் அண்ணை போனதும் அன்ரன் என் பின்னாலேயே வந்தார்.

“இஞ்சேரும், நீர்தான் எழுதவேணும்.”

“என்னை நானே திட்டி எழுதுறதோ?”

“நீர் எத்தினை பேரைத் திட்டினனீர். ஒரு ஆளிலை என்ன வந்தது?”

எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே எழுதினேன். ‘நாலாம் வரிசையில் இருப்பவருக்குக் கழுத்து நோவதால் திரையின் மேற்பாதி தெரிவதில்லை போலும்’ என்று தொடங்கினேன். அந்தத் தாய் மூன்று தடவை விழுவதற்கு மூன்று நியாயம் கண்டுபிடித்தேன். மூன்றாவது நியாயத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மாஸ்டர் இரண்டு கையெழுத்தும் ஒன்றாக இருப்பதைக் கண்டு தொலைபேசியில் ஐந்து நிமிடம் சிரித்தார். பிறகு பழைய விமர்சனத்தையும் மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. படத்தைப் பார்க்காதவர்கள்தான் கூடுதலாகச் சண்டை பிடித்தார்கள். குணம் அண்ணை அதைக் கண்டு, அதே படத்தை மறுபடியும் வரவழைத்தார். படத்துக்கு முன் மேடையில் அன்ரனுக்கும் நாலாம் வரிசைக்கும் நேருக்கு நேர் விவாதம் என்று நோட்டீஸ் அடித்தார். எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

மேடை

அன்றைக்கு அந்தத் தியேட்டரில் படிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். ஜினெட் தன் வாழ்நாளில் இவ்வளவு சோளப்பொரி விற்றதில்லை என்றார். சுவாமியார் பூசையையே சுருக்கியிருந்தார்.

மேடையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. ஒன்றில் அன்ரன். மற்றது காலி. அன்ரன் என் மறுப்பை ஒலிவாங்கியில் வாசித்தார். கைதட்டல். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு பெண், “அண்ணை, அந்தத் தாய் ரெண்டாந்தரம் ஏன் விழுந்தவ?” என்று கேட்டார். அன்ரனுக்குத் தெரியாது. தாய் இரண்டாந்தரம் விழுந்தபோது அவர் என் தோளில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“அவவுக்கு… பிறஷர்” என்றார்.

மண்டபம் சிரித்தது. குணம் அண்ணை ஒலிவாங்கியைப் பறித்தார்.

“இவர் வந்திட்டார். மற்றவர் எங்கை? நாலாம் வரிசை எண்டு பேர் வைச்சால் காணாது. ஆம்பிளையெண்டா எழும்பி மேடைக்கு வரட்டும்!”

எல்லாத் தலையும் நாலாம் வரிசைக்குத் திரும்பியது. அங்கே இருந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், “நான் இல்லை, எனக்கு முழங்கால் நோ, அதுதான் இதிலை இருக்கிறன்” என்று கத்தினார். தானே நாலாம் வரிசை என்று ஒப்புக்கொண்ட மொன்றியல்-நோர் மனிசனைத் தேடினார்கள். அவர் கழிப்பறைக்குப் போனவர் போனவர்தான்.

“ஆம்பிளையெண்டா வரட்டும்!” இரண்டாம் முறை.

நான் ஒன்பதாம் வரிசையில் இருந்தேன். மேடையில் அன்ரன் வியர்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். படம் தொடங்கியிருக்கும், எல்லாம் ஒரு பகிடியோடு முடிந்திருக்கும். ஆனால் குணம் அண்ணை மூன்றாம் முறையும் சொன்னார். வீரம் ஒன்றும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எழும்பினேன். “ஆம்பிளை இல்லை அண்ணை. வரலாமோ?”

சிரித்தார்கள். குணம் அண்ணையும் சிரித்தார்.

“தங்கச்சி, பகிடி விடாமல் இருங்கோ. அன்ரன், உன்ர மனிசிக்கு என்ன?”

அன்ரன் குனிந்து ஒலிவாங்கிக்குள் உண்மையைச் சொன்னார். “அவதான் அண்ணை. மற்றதையும் அவதான் எழுதினவ.”

“எது மற்றது?”

“நான் எழுதினது.”

அந்தச் சிரிப்பு மாதிரி ஒன்றை நான் அந்தத் தியேட்டரில் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குணம் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, நடுப்பாதையால் நடந்து வெளியே போனார். படம் தொடங்கியது. நான் பார்க்கவில்லை, திரைக்குக் கீழே காலியாகக் கிடந்த கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்து வெளியே வரும்போது அவர் வழக்கம்போல வாசலில் நின்று எல்லோரையும் வழியனுப்பினார். நான் கிட்ட வந்தபோது சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது கயிறில்லாத சப்பாத்து.

அன்புள்ள அம்மா

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. அன்ரன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொண்டு, சோபாவின் மறு நுனியைப் பார்த்தபடி குடித்தார். அது என்னைத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

றோல்ஸுக்காக மன்னிப்புக் கேட்க குணம் அண்ணையின் மனைவியிடம் போனேன். அவர் சிரித்தார். “இறைச்சி குறைவுதான் தங்கச்சி. இவர்தான் உருளைக்கிழங்கைக் கூடப் போடச் சொன்னவர்.” ஆனால் குணம் அண்ணை அறையை விட்டு வெளியே வரவில்லை.

மாஸ்டர் என் சொந்தப் பெயரில் எழுதச் சொன்னார். றீற்றா அன்ரன் என்று போட்டேன். அதே ஆள், அதே பேனை. கடிதங்கள் இப்போது வேறு மாதிரி வந்தன. கூர்மை என்றவர் வாய்க்கொழுப்பு என்றார். நக்கல் என்றவர், கணவரைக் கவனிக்க நேரமில்லையா என்று கேட்டார். ‘அன்புள்ள ஐயா’ மறைந்து, ‘அம்மா’ மட்டும் நின்றது. அன்பு எங்கோ வழியில் இறங்கிவிட்டது. விடாமல் எழுதினேன். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். வாசலில் நிற்கிற ஒரு மனிதருடைய முகத்தை நினைக்காமல் அதன் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. திட்டைக் குறைக்கவில்லை. காரணத்தைக் கூட்டினேன்.

இலை உதிரும் காலத்தில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது.

“தங்கச்சி, குணம் கதைக்கிறன்.”

கதிரையில் இருந்துவிட்டேன்.

“கோவம் உங்கள் நக்கலிலை இல்லை. என்ர வீட்டுப் பிள்ளை எனக்கு நேரை சொல்லாமல் பேப்பரிலை சொன்னதுதான்.”

“பிழைதான் அண்ணை.”

“அதை விடுங்கோ. ஒண்டு சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது.” குரலைத் தாழ்த்தினார். “இத்தனை வருசமாப் படம் போடுறன். ஒரு படமும் முழுசாப் பாத்ததில்லை. வாசல்லை நிக்கவேணும், பெட்டி பாக்கவேணும், சனத்தைப் பாக்கவேணும். கதை என்னெண்டு நான் உங்கட விமர்சனத்திலைதான் வாசிக்கிறனான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“செவ்வாய்க்கிழமை லீவு எடுங்கோ அண்ணை” என்றேன்.

செவ்வாய் மத்தியானம்

குணம் அண்ணை பூசைக்குப் போடும் கோட்டோடு வந்தார். ஜினெட் அவரிடம் டிக்கெட்டை நீட்டியபோது, அதை எப்படி வைத்திருப்பது என்று தெரியாதவர் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

அன்றைக்கு ஓடியது ஒரு விதவையின் கதை. தன்னுடைய ஒரே மாட்டை விற்கத் தூரத்துச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போகிறாள். போகிறாள், போகிறாள், போய்க்கொண்டே இருக்கிறாள். முதல் அரை மணித்தியாலம் குணம் அண்ணை திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு என் காதருகே, “இதிலை சண்டை எப்ப?” என்றார். வராது என்றேன். பெருமூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு சத்தமில்லை. நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். சந்தையில் ஒருவன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும் இடத்தில் மெல்லிய குரல் கேட்டது.

“விக்காதை.”

அவர் என்னிடம் சொல்லவில்லை. திரையிடம் சொன்னார். கைகள் முன் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தன.

“விக்காதை, பிள்ளை. கூட்டிக்கொண்டு போ.”

அவள் விற்கவில்லை. வந்த வழியே இருவரும் திரும்பி நடந்தார்கள். அந்த நடையையும் முழுதாகக் காட்டினார்கள்.

விளக்கு எரிந்ததும் குணம் அண்ணை முகத்தைக் கையால் வழித்துக்கொண்டு எழும்பி விறுவிறு என்று போனார். நான் போய்ப் பார்த்தபோது, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அது அவருடைய தியேட்டர் இல்லை, அவருடைய படமும் இல்லை. ஆனாலும் வெளியேறிய ஒவ்வொரு கிழவருக்கும் “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொல்லி, அவர்கள் முகத்தை ஆவலோடு பார்த்தார். கடைசியாக வந்த ஒரு மூதாட்டியிடம் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“போன்? மதாம், போன்?” நல்லா இருந்ததா என்று கேட்க அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

அந்த அம்மா கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே உதட்டைச் சுளித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

“என்னவாம்?” என்றார் குணம் அண்ணை.

“நீளம் கூடிப்போச்சாம்.”

அவருடைய கை கதவை விட்டது. தெருவில் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாவின் முதுகைப் பார்த்து, முன்மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

“நீளமோ? அந்த மாடு அவ்வளவு தூரம் நடந்தது, இவவுக்கு இருந்து பாக்க ஏலாதாமோ!”